முந்நூறு ரூபாய் குறைந்தால் ஆயிரம் ரூபாய் தண்டமா?

சேமிப்புக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லையென்றால் அபராதம் என்ற நடைமுறையைப் பொதுத்துறை வங்கிகள் பலவும் 2025-ல் கைவிட்டன. ஜூனில் கனரா வங்கி முதலில் அறிவிக்க, பஞ்சாப் நேஷனல் வங்கி, பேங்க் ஆஃப் பரோடா, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி ஆகியவை ஜூலையில் பின்தொடர்ந்தன. நல்ல முடிவு. ஆனால் பிடித்தம் நின்றுவிடவில்லை. கடன் தவணை எடுக்க வரும் நாளில் கணக்கில் கொஞ்சம் பணம் குறைந்தால் போதும், வங்கி ஒரு பக்கமும் கடன் கொடுத்த நிறுவனம் மறுபக்கமும் கட்டணம் போடுகின்றன. இன்று சம்பளக்காரக் குடும்பங்களை அதிகம் வாட்டுவது இந்த பவுன்ஸ் கட்டணம்தான். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

பேசாததற்குக் காரணம் இருக்கிறது. மினிமம் பேலன்ஸ் அபராதம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது, பத்திரிகைகளில் செய்தி வந்தது. தவணை திரும்பியதற்கான கட்டணமோ, ‘தப்பு நம்முடையதுதானே’ என்று கடன் வாங்கியவரையே தலைகுனிய வைத்துவிடுகிறது. அவர் வாயைத் திறப்பதில்லை.

சில்லறையாகப் பிடித்தது கோடிகளில்

பாரத ஸ்டேட் வங்கி, ஐந்தாண்டு இடைவெளிக்குப் பிறகு, 2017 ஏப்ரலில் மினிமம் பேலன்ஸ் அபராதத்தை மீண்டும் கொண்டுவந்தது. அந்த ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான எட்டு மாதங்களில் அந்த வகையில் மட்டும் அது வசூலித்த தொகை சுமார் ரூ.1,772 கோடி. அதே ஆண்டு ஜூலை-செப்டம்பர் காலாண்டில் அந்த வங்கியின் நிகர லாபமே சுமார் ரூ.1,582 கோடிதான். கணக்கில் பணம் வைக்க முடியாதவர்களிடம் வசூலித்தது ஒரு காலாண்டு லாபத்தையே தாண்டிவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் 2018-ல் அபராதத்தைக் குறைத்தார்கள். 2020 மார்ச்சில் அடியோடு நீக்கினார்கள். நீக்கியதால் ஸ்டேட் வங்கி நொடித்துப்போய்விடவில்லை.

மற்ற பொதுத்துறை வங்கிகள் தொடர்ந்து வசூலித்தன. 2019-20 முதல் 2023-24 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் இப்படிப் பெற்றது சுமார் ரூ.8,500 கோடி என்று 2024 ஜூலையில் மக்களவையில் அரசே சொன்னது. அதில் இந்தியன் வங்கியின் பங்கு சுமார் ரூ.1,466 கோடி. பொதுத்துறை வங்கிகளோடு ஐந்து பெரிய தனியார் வங்கிகளையும் சேர்த்தால், 2018-லிருந்து மினிமம் பேலன்ஸ் அபராதம் ரூ.21,044 கோடி, கூடுதல் ஏடிஎம் பயன்பாட்டுக் கட்டணம் ரூ.8,289 கோடி, எஸ்எம்எஸ் கட்டணம் ரூ.6,254 கோடி என்று 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் தெரிவிக்கப்பட்டது.

பத்தும் இருபதும் நூறுமாகப் பிடித்துச் சேர்ந்த பணம் இது. பணக்காரர்களின் கணக்கிலிருந்து வந்ததல்ல. அவர்கள் கணக்கில் இருப்பு குறைவதே இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது நேரடியாக உறைத்தது 2023 செப்டம்பரில். கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் ரூ.1,000, ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களின் கணக்குகளுக்கு அனுப்பப்பட்டது. நெடுநாள் புழங்காமல் கிடந்த கணக்குகளில் பணம் விழுந்ததும், சில வங்கிகள் பழைய பாக்கி, சேவைக் கட்டணம் என்று அதில் கைவைத்தன. அந்தப் பணத்தை வேறு எதற்கும் நேர் செய்யக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் புகார் செய்யலாம் என்றும் அறிவிக்கப்பட்டது. கணக்கில் ஒன்றுமில்லாதபோது கட்டணத்தை எழுதி வைத்துக்கொண்டு, என்றைக்குப் பணம் வருகிறதோ அன்றைக்குப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை அப்போதுதான் பலர் தெரிந்துகொண்டார்கள்.

ஒரு பவுன்ஸின் கணக்கு

இப்போது தவணைக்கு வருவோம். பைக் கடன், செல்போன் கடன், வீட்டு உபயோகப் பொருள் கடன் எல்லாவற்றுக்கும் நாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஆட்டோ டெபிட் ஒப்புதல், நாச் என்ற ஏற்பாட்டின் வழியாக இயங்குகிறது. முன்பு இசிஎஸ் என்று இருந்தது. இன்றும் பலர் ‘இசிஎஸ் பவுன்ஸ்’ என்றே சொல்கிறார்கள். தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் இதை நடத்துகிறது. தவணை நாளன்று கடன் நிறுவனத்தின் வங்கி நம் வங்கியிடம் பணம் கேட்கும். முழுத் தொகையும் இருந்தால் போகும். ஒரு ரூபாய் குறைந்தாலும் போகாது. இருப்பதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளும் பேச்சே கிடையாது.

ஒருவருக்குப் பைக் தவணை ரூ.3,200 என்று வைத்துக்கொள்வோம். தேதி 5. சம்பளம் வருவது 7-ம் தேதி. 5-ம் தேதி காலை கணக்கில் ரூ.2,900 இருக்கிறது. குறைவது ரூ.300.

தவணை திரும்புகிறது. அதற்கான கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும், ரூ.250 முதல் ரூ.500 வரை என்பது பொதுவான அளவு. மேலே 18% ஜிஎஸ்டி. அவர் வங்கி ரூ.500 வாங்குவதாக இருந்தால், வரியோடு ரூ.590. அதைக் கணக்கில் இருக்கும் ரூ.2,900-லிருந்தே எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் ரூ.2,310. காலையில் ரூ.300 ஆக இருந்த பற்றாக்குறை சாயங்காலம் ரூ.890 ஆகிவிட்டது. யாரிடமாவது ரூ.300 கைமாற்று வாங்கிச் சரிக்கட்டலாம் என்று நினைத்தவருக்கு இப்போது அதுவும் போதாது.

இது பாதிதான். கடன் கொடுத்த நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கும் பவுன்ஸ் கட்டணத்தைத் தனியாகச் சேர்க்கும். அதுவும் ரூ.500 என்றால், இரண்டு நாள் தாமதமான 300 ரூபாய்க்காக அவர் கொடுப்பது ரூ.1,090. அடுத்த நாளே நிறுவனம் மீண்டும் பணம் கேட்டு, மீண்டும் திரும்பினால், வங்கிக் கட்டணமும் மீண்டும் விழக்கூடும்.

எந்தக் கந்துவட்டிக்காரரும் இரண்டு நாளைக்கு முந்நூறு ரூபாய்க்கு ஆயிரம் ரூபாய் கேட்டதாகக் கேள்விப்பட்டதில்லை. கேட்டால் ஊர் சும்மா விடாது. சட்டமும் சும்மா விடாது. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது.

திரும்பியதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. கடன் விவரங்களைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அனுப்பும் நாளில் தவணை பாக்கியாக நின்றால் அது பதிவாகிவிடும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது அந்தப் பதிவு குறுக்கே நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘பவுன்ஸ் ஆகிவிட்டது, போலீஸ் வரும்’ என்று வசூல் ஆட்கள் மிரட்டுவதுண்டு. பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்புவது 2007-ம் ஆண்டின் பணப் பட்டுவாடா மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 25-வது பிரிவின்படி குற்றமாகலாம் என்பது உண்மை. ஆனால் அதற்கு முன்பு எழுத்துபூர்வமாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள் அவகாசம் உண்டு. போனில் மிரட்டுபவர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல மாட்டார்.

தேதிகளுக்குள் இருக்கும் வில்லங்கம்

தவணை திரும்புபவர்கள் எல்லோரும் கட்ட மனமில்லாதவர்கள் அல்ல. கட்டப் பணம் இல்லாதவர்கள்கூட அல்ல. பலருக்கும் பணம் வருகிறது. தவணை போன பிறகு வருகிறது.

மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் கொடுத்தால் போதும் என்பது ஊதியச் சட்டம் முதலாளிக்குத் தரும் அவகாசம். கடன் நிறுவனங்கள் தவணைக்கு வைக்கும் தேதியோ பெரும்பாலும் மாதத்தின் முதல் வாரம், 2, 3, 5 என்று இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியிலோ ஓசூர் தொழிற்சாலையிலோ வேலை செய்பவருக்கு முதலாளி சட்டப்படி நடந்துகொண்டாலும் தவணை திரும்பும். சட்டத்தை மீறியவர் யாருமில்லை, தண்டம் கட்டுபவர் மட்டும் இருக்கிறார்.

2021 ஆகஸ்ட் 1 முதல் நாச் ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் எல்லா நாளும் இயங்குகிறது. முன்பு ஞாயிற்றுக்கிழமை விழும் தவணை திங்களுக்குத் தள்ளிப்போகும். ஒரு நாள் மூச்சுவிட முடியும். இப்போது அது கிடையாது. சம்பளம் போடும் அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை, தவணை எடுக்கும் கணினிக்கு விடுமுறை இல்லை. ஒரு பக்கம் மட்டும் வேகமானால் அந்த வேகத்தின் செலவு அடுத்த பக்கத்தில் இருப்பவர் தலையில்தான் விழும்.

தவணைக்கு என்று ஒதுக்கிய பணத்தை வேறு சின்னப் பிடித்தங்கள் அரித்துவிடுவதும் நடக்கிறது. மே மாதக் கடைசியில் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு ரூ.436, சுரக்ஷா காப்பீட்டுக்கு ரூ.20 தானாகப் போகும். எப்போதோ ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்த ஓடிடி சந்தா, ஆட்டோபே வழியாக மாதாமாதம் போகும். ஏடிஎம்மில் இருப்பைவிட அதிகமாகக் கேட்டுவிட்டால் பணம் வராது, அதற்கும் ரூ.20, ரூ.25 என்று கட்டணம் போடும் வங்கிகள் உண்டு. பாஸ்புக்கில் இவையெல்லாம் சுருக்கெழுத்து ஆங்கிலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கும். ‘இது எதுக்குப் பிடிச்சது சார்?’ என்று கவுன்ட்டரில் கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில், பெரும்பாலும், ‘சிஸ்டமே பிடிக்கும்மா’ என்பதுதான்.

மினிமம் பேலன்ஸ் போய்விட்டதா?

தனியார் வங்கிகளில் போகவில்லை. 2025 ஆகஸ்டில் ஐசிஐசிஐ வங்கி, நகரங்களில் புதிதாகத் தொடங்கும் கணக்குகளுக்கு மாதச் சராசரி இருப்பை ரூ.10,000-லிருந்து ரூ.50,000 ஆக்கியது, கண்டனம் எழுந்ததும் சில நாட்களில் ரூ.15,000-ஆக இறக்கியது. இதைப் பற்றிக் கேட்டபோது, குறைந்தபட்ச இருப்பை முடிவு செய்வது அந்தந்த வங்கியின் உரிமை என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா சொல்லிவிட்டார்.

அதனால் கணக்கு எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதை வாடிக்கையாளர் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு நாள்கூட இருப்பு குறையக் கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் இருக்கும் தொகையைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். வைக்க வேண்டிய சராசரி ரூ.5,000 என்றால், ரூ.15,000-ஐப் பத்து நாள் வைத்திருந்து மீதி இருபது நாள் கணக்கைக் காலியாக விட்டாலும் சரியாகிவிடும். ஆனால் காலையில் வந்த சம்பளத்தை மாலைக்குள் ஊருக்கு அனுப்பிவிட்டால், அந்தப் பணம் சராசரியில் சேரவே சேராது.

அதிகம் பேர் மாட்டுவது பழைய சம்பளக் கணக்கில். கம்பெனி மாறும்போது புதுக் கம்பெனி வேறு வங்கியில் கணக்கு தொடங்கித் தரும். பழைய கணக்கை அப்படியே விட்டுவிடுவோம். சில மாதம் தொடர்ந்து சம்பளம் வராவிட்டால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிடும். ஜீரோ பேலன்ஸ் சலுகை போய்விடும். யாரும் பார்க்காத கணக்கில் அபராதம் ஏறிக்கொண்டிருக்கும்.

இப்போதே செய்யக்கூடியவை

முதல் வேலை, தவணைத் தேதியை மாற்றக் கேட்பது. கடன் வாங்கும்போதே சம்பளத் தேதியைச் சொல்லி, 10-ம் தேதிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஓடும் கடனுக்கும் எழுதிக் கேட்டால் மாற்றித் தரும் நிறுவனங்கள் உண்டு. போனில் கேட்டால் போதாது. மின்னஞ்சலோ கடிதமோ இருக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நான் நினைக்கிறேன்.

தவணைப் பணம் அன்று காலையில் அல்ல, முந்தைய இரவே கணக்கில் இருக்க வேண்டும். நாச் கேட்பு அதிகாலையிலேயே வந்துவிடும். பத்து மணிக்கு வங்கிக்குப் போய்க் கட்டுவது கால தாமதம். பணம் போதாது என்று இரண்டு மூன்று நாள் முன்பே தெரிந்தால், கடன் நிறுவனத்தின் செயலியிலோ கிளையிலோ முன்கூட்டியே தவணையைக் கட்ட முடியுமா, கேட்பை நிறுத்துவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாவதுக்குப் பதில் வாங்காமல் முதலாவதைச் செய்ய வேண்டாம். கட்டிய பிறகும் கேட்பு வந்து பவுன்ஸ் ஆனவர்கள் இருக்கிறார்கள்.

முடிந்தால் தவணைக்கென்று ஒரு கணக்கும், ஜிபே, போன்பே செலவுக்கென்று வேறொரு கணக்கும் வையுங்கள். டீக்கடை, பெட்ரோல் செலவெல்லாம் தவணைக் கணக்கிலிருந்து போனால், எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது யாருக்கும் நினைவிருக்காது. தனித்தனிக் கணக்குக்கு வழியில்லாதவர்கள், செயலியில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, பார்க்காத சந்தாக்களை நீக்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்று வாங்குவது எல்லோருக்கும் தெரியும். கூடவே நாச் ஒப்புதலையும் ரத்துசெய்யச் சொல்லி, வங்கியிலும் அது நீங்கிவிட்டதா என்று பாருங்கள்.

பயன்படுத்தாத சம்பளக் கணக்கை மூடிவிடுங்கள். மூட மனமில்லையென்றால், அதை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுக்கலாம். இந்தக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு கிடையாது, ஏடிஎம் கார்டு இலவசம், மாதம் நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை. எல்லா வங்கிகளும் இதைத் தர வேண்டும் என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. வங்கிகள் தாமாக எடுத்துச் சொல்வதில்லை; கேட்டால்தான் கிடைக்கும்.

தவறான பிடித்தம் என்று தோன்றினால், முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாக முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

இரண்டு வருடம் புழங்காத கணக்கில் மினிமம் பேலன்ஸ் அபராதம் போடக் கூடாது. இருப்பு குறைந்தால் முன்கூட்டியே தகவல் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தராமல் அபராதம் பிடிக்கக் கூடாது. அபராதத்தின் காரணமாகவே கணக்கு மைனஸில் போகக் கூடாது. இவை மூன்றும் ரிசர்வ் வங்கியின் விதிகள். புகாரில் இவற்றை எழுதினால் பதில் சொல்லும் தொனியே மாறும்.

ரிசர்வ் வங்கி செய்ய வேண்டியது

2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி மினிமம் பேலன்ஸ் அபராதத்துக்கு ஒரு நியாயமான வரையறை கொடுத்தது: எவ்வளவு குறைகிறதோ, அதற்கு ஏற்ற விகிதத்தில்தான் அபராதம் இருக்க வேண்டும். எவ்வளவு இருப்பு வைக்கச் சொல்வது என்பது வங்கியின் உரிமையாக இருக்கலாம். குறைந்தால் எப்படித் தண்டிப்பது என்பதை அன்று வங்கிகளின் இஷ்டத்துக்கு விடவில்லை. 2024 ஏப்ரல் முதல் கடன் தாமதத்துக்கான தண்டக் கட்டணத்தை அசலில் சேர்த்து வட்டிமேல் வட்டி போடுவதையும் தடுத்தது. இந்த இரண்டு இடத்திலும் தலையிட்ட ரிசர்வ் வங்கிக்கு, பவுன்ஸ் கட்டணத்தில் தலையிட முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை.

ரூ.1,200 செல்போன் தவணை திரும்பினாலும் ரூ.500, ரூ.40,000 வீட்டுத் தவணை திரும்பினாலும் ரூ.500 என்பது எந்த நியாயத்தில் சேரும்? ஒரு கேட்பைக் கணினி திருப்பி அனுப்ப ஆகும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். அது ஐந்நூறு ரூபாயும் அல்ல. குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில் கட்டணம், அதற்கு ஓர் உச்சவரம்பு, ஒரு தவணைக்கு எத்தனை முறை கேட்டுத் திரும்பினாலும் ஒரே கட்டணம் என்று விதி வர வேண்டும். வங்கியும் கடன் நிறுவனமும் ஒரே பவுன்ஸுக்கு இரண்டு பக்கமும் வசூலிப்பதும் நிற்க வேண்டும். யாராவது ஒருவர் வாங்கட்டும்.

கார்டு, யுபிஐ ஆட்டோபே பிடித்தங்களுக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்ற விதி இருக்கிறது. நாச் தவணைக்கும் அதைக் கட்டாயமாக்கலாம். தகவல் தமிழில், தொகையோடும் அன்றைய இருப்போடும் வந்தால், இரவுக்குள் தம்பியிடமோ பக்கத்து வீட்டிலோ முந்நூறு ரூபாய் வாங்கிப் போட்டுவிடுவார்கள். தவணைத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் இடம் கடன் விண்ணப்பத்திலேயே இருக்க வேண்டும். வேலை மாறுபவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கட்டணமின்றி மாற்றிக்கொள்ள வழி வேண்டும்.

டெல்லிக்கும் மும்பைக்கும் காத்திருக்காமல் இங்கேயே தொடங்கக்கூடிய வேலையும் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில அளவிலான வங்கியாளர் குழுவை நடத்தும் பொறுப்பு இந்தியன் ஓவர்சீஸ் வங்கியிடம் உள்ளது. அதன் கூட்டங்களில் மாநில அரசும் அமர்கிறது. மகளிர் உரிமைத் தொகையில் கைவைக்கக் கூடாது என்று வங்கிகளிடம் சொல்ல முடிந்த அரசு, முதியோர் ஓய்வூதியம், நூறு நாள் வேலைக் கூலி, மாணவர் உதவித்தொகை எதிலிருந்தும் பழைய கட்டணப் பாக்கியைப் பிடிக்கக் கூடாது என்ற எழுத்துபூர்வ உறுதியை அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் கேட்டு வாங்கலாம். திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழில் நகரங்களில் தவணைத் தேதியை 10-க்குப் பிறகு வைக்கும் ஏற்பாட்டையும் அங்கேயே பேசி முடிக்கலாம்.